மைனஸ் 110 என்றால் என்னவென்று முதலே தெரிந்திருந்தால்

ஒன்ராறியோவில் தனியார் பந்தய நிறுவனங்கள் சட்டப்படி இணையத்தில் கடை திறந்தது 2022 ஏப்ரல் 4ஆம் திகதி. அதற்கு முந்தின வருசம் ஆகஸ்ட் 27 வரைக்கும் கனடாவில் ஒரே ஒரு ஆட்டத்துக்கு மட்டும் பந்தயம் கட்டச் சட்டம் விடாது. கடைகளில் விற்ற புரோலைன் சீட்டில் பல ஆட்டங்களைச் சேர்த்துத்தான் கட்டலாம். அந்தக் கதவு திறந்த பிறகு ஹொக்கி பார்த்தாலும் கூடைப்பந்து பார்த்தாலும் ஒவ்வொரு இடைவேளையிலும் பந்தய விளம்பரம்தான். வேலையிடத்தில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சும் அதுதான். நானும் அந்த வருசம் இலையுதிர் காலத்தில் போனில் ஒரு செயலியை இறக்கினேன். அடுத்த ஒன்றரை வருசத்தில் ஏறக்குறைய 14,000 டொலர் போனது. அதில் பெரும் பங்கு வீடு வாங்க முற்பணமாகச் சேர்த்து வைத்தது. மனிசிக்குத் தெரியாது, நண்பர்களிடமும் சொல்லவில்லை. எங்கள் ஆட்களுக்குள் சூதாட்டம் என்று வாய் திறந்தாலே குடும்ப மானம் போய்விடும் என்று பயந்து, எல்லாவற்றையும் தனியே சுமந்தேன். இப்போது ஸ்காபரோவில் புதிதாக வந்து படிக்கிற பொடியன்கள் என்னிடம் "அண்ணா, எந்த அப் நல்லது?" என்று கேட்கிறார்கள். எந்த அப் என்பதை விட, அந்தத் திரையில் இருக்கிற எண்கள் என்ன சொல்கின்றன என்பதைத்தான் அவர்களுக்கு விளங்கப்படுத்த வேண்டும் என்று நினைக்கிறேன். எனக்கு அதை யாரும் விளங்கப்படுத்தவில்லை.

முதலில் அந்தக் கழித்தல், கூட்டல் குறிகள். ஹொக்கி அணியான ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் -160, எதிரணி +135 என்று போட்டிருக்கும். இது அமெரிக்க முறை. மைனஸ் இருந்தால், 100 டொலர் லாபம் பார்க்க அவ்வளவு காசு கட்ட வேண்டும்; அதாவது 160 கட்டினால் 100 லாபம். பிளஸ் இருந்தால், 100 கட்டினால் அவ்வளவு லாபம், 100க்கு 135. மைனஸ் உள்ள அணி வெல்ல வாய்ப்புக் கூடியது, பிளஸ் உள்ளது குறைந்தது என்ற அளவில் மட்டும் நான் விளங்கி வைத்திருந்தேன், கனபேர் அதோடு நின்றுவிடுகிறார்கள். செயலியின் அமைப்புகளுக்குள் போனால் இதைத் தசம முறைக்கு மாற்றலாம். அப்போது அதே எண்கள் 1.63, 2.35 என்று தெரியும். கட்டிய காசை அந்த எண்ணால் பெருக்கினால் வென்றால் கைக்கு வரும் மொத்தம், கட்டியதும் அதற்குள் அடக்கம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் நாளே தசம முறைக்கு மாற்றிவிடுங்கள். கணக்குப் பார்க்க மிகவும் லேசு.

அடுத்ததாக அந்த எண்ணைச் சதவீதமாக மாற்றப் பழக வேண்டும். இதைச் செய்யாமல் ஒரு சதம்கூடக் கட்டாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். மைனஸ் என்றால் அந்த எண்ணை, அதனோடு 100 கூட்டிய தொகையால் வகுக்க வேண்டும்: 160ஐ 260ஆல் வகுத்தால் 61.5 சதவீதம். பிளஸ் என்றால் 100ஐ, எண்ணோடு 100 கூட்டிய தொகையால் வகுக்க வேண்டும்: 100ஐ 235ஆல் வகுத்தால் 42.6 சதவீதம். தசமம் என்றால் 100ஐ அந்த எண்ணால் வகுத்தால் போதும். இப்போது இரண்டையும் கூட்டிப் பாருங்கள். 104 சதவீதத்துக்குச் சற்று மேலே வருகிறது. இரண்டு அணியில் ஒன்று வெல்லும் வாய்ப்பு 100க்கு மேல் போகவே முடியாது. அந்த மிச்ச நாலுதான் நிறுவனத்தின் பங்கு. ஊருக்குக் காசு அனுப்பும் கடையில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையில் ஒரு வித்தியாசம் வைத்திருப்பார்களே, அதேதான் இது. ஆனால் காசு மாற்றும்போது நாங்கள் நாலு கடை விசாரிப்போம். பந்தயத்தில் விலை என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியவில்லை. யார் வெல்வார்கள் என்பதற்கான கணிப்பு என்றுதான் அந்த எண்ணைப் பார்த்தேன்.

மைனஸ் 110 என்பதுதான் நீங்கள் அடிக்கடி பார்க்கப் போகும் எண். இரண்டு பக்கமும் சம வாய்ப்பு என்று நிறுவனம் நினைக்கிற இடத்தில் இரண்டு பக்கமும் -110 போடும். 110ஐ 210ஆல் வகுத்தால் 52.4. அதாவது நாணயம் சுண்டுவது போன்ற ஒரு பந்தயத்தில் 100க்கு 52.4 தடவை சரியாகச் சொன்னால்தான் கட்டிய காசாவது திரும்பி வரும். பாதிக்குப் பாதி சரியாகச் சொல்கிறவர் கட்டுகிற ஒவ்வொரு 100 டொலருக்கும் சராசரியாக 4 டொலர் 55 சதம் இழப்பார். கேட்கச் சின்னக் காசுதான். எனக்கு உறைக்காதது இதுதான்: அந்தச் சதவீதம் பிடிக்கப்படுவது கணக்கில் போட்ட காசில் இல்லை, கட்டிய மொத்தத்தில். இரவுக்கு ஐம்பது ஐம்பது டொலராக அஞ்சு பந்தயம், கிழமைக்கு ஆறு இரவு என்று வையுங்கள். கிழமைக்கு 1,500 டொலர் கட்டியாகிறது. அதில் 68 டொலர் நிறுவனத்தின் பங்கு. வருசத்துக்கு 3,500க்கு மேல். அதிர்ஷ்டம் சரியாகப் பாதிப் பாதியாக இருந்தாலே இவ்வளவு போகும். வென்ற காசைத் திரும்பத் திரும்பக் கட்டியபடியால் நான் கட்டிய மொத்தம் நான் போட்ட காசின் பல மடங்கு. என் நட்டத்துக்குக் கெட்ட காலம் காரணம் என்று நெடுநாள் நம்பியிருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தபோது அது ஏறக்குறைய விலைப்பட்டியலில் எழுதியிருந்தபடியே நடந்திருக்கிறது.

லைன் என்பது எதன் மேல், எந்த எண்ணில் பந்தயம் கட்டலாம் என்று நிறுவனம் போடுகிற கோடு. அதில் பல வகை. 2024 மே 4ஆம் திகதி லீஃப்ஸும் பொஸ்டன் புரூயின்ஸும் ஆடிய, தொடரின் முடிவைத் தீர்மானிக்கும் ஏழாவது ஆட்டத்தை வைத்துச் சொல்கிறேன். அதற்குள் நான் நிறுத்திவிட்டேன். பந்தயம் இல்லாமல், பேப்பரில் மட்டும் எழுதிப் பார்த்த ஆட்டம் அது. 60 நிமிடம் முடிய 1-1. மேலதிக நேரத்தில் பாஸ்ட்ர்னாக் போட்ட கோலோடு பொஸ்டன் 2-1 என்று வென்றது. மணிலைன் என்பது யார் வெல்வது என்பது மட்டும், மேலதிக நேரமும் சேர்த்தி. அதில் பொஸ்டனுக்குக் கட்டியவருக்குக் காசு. பக்லைன் என்பது ஒன்றரைக் கோல் வித்தியாசம். லீஃப்ஸ் +1.5 எடுத்தவருக்கு, லீஃப்ஸ் தோற்றும் காசு வரும், ஏனென்றால் ஒரு கோலால்தான் தோற்றது. பொஸ்டன் -1.5 எடுத்தவருக்கு, பொஸ்டன் வென்றும் காசு போகும். மொத்தக் கோல் கோடு 5.5 என்று வைத்தால், மூன்றே கோல் என்றபடியால் 'அண்டர்', அதாவது கோட்டுக்குக் கீழே என்று கட்டியது, வென்றது. இனி, கனபேர் கவனிக்காத ஒன்று இருக்கிறது: 60 நிமிட லைன். மூன்று வழி என்றும் போட்டிருப்பார்கள். அதில் பொஸ்டன், லீஃப்ஸ், சமநிலை என்று மூன்று தெரிவு. அன்றைக்கு அதில் சமநிலைதான் வென்றது. பொஸ்டனுக்குக் கட்டியவர், பொஸ்டன் அடுத்த சுற்றுக்குப் போனதைப் பார்த்தபடியே காசை இழந்திருப்பார். அந்த லைனில் ஒட்ஸ், அதாவது அந்த விலை எண், கொஞ்சம் கவர்ச்சியாக இருக்கும். அதைப் பார்த்து நான் முதல் குளிர்காலத்தில் பலமுறை கட்டி, அணி வென்றும் காசு வராமல், செயலியில் ஏதோ பிழை என்று வாடிக்கையாளர் சேவையோடு சண்டை பிடித்திருக்கிறேன். 60 நிமிடம் என்று சின்ன எழுத்தில் அதிலேயே எழுதியிருந்தது. கட்ட முதல் அந்த லைனின் விதியைத் தட்டி வாசியுங்கள்.

புள்ளி வித்தியாசத்தில் அரை எண் வருவதற்குக் காரணம், சமநிலை வராமல் இருக்க. முழு எண்ணாக இருந்தால், அமெரிக்கக் காற்பந்தில் -3 எடுத்து அணி சரியாக மூன்று புள்ளியால் வென்றால், கட்டிய காசு அப்படியே திரும்பி வரும். அதையே -3.5 ஆக எடுத்திருந்தால் காசு போகும். அந்த விளையாட்டில் மூன்று புள்ளியால் முடியும் ஆட்டங்கள் கனக்க. அதனால் 2.5க்கும் 3.5க்கும் இடையிலான தூரம், 8.5க்கும் 9.5க்கும் இடையிலான தூரத்தை விட மிகப் பெரியது. ஒரே ஆட்டத்துக்கு இரண்டு நிறுவனங்கள் வேறு வேறு எண் வைத்திருக்கும். ஒப்பிட்டுப் பார்க்கிற பழக்கம் எனக்கு இருக்கவில்லை. ஒரு செயலியிலேயே கிடந்தேன்.

பார்லேதான் என்னைக் கூடுதலாக உறிஞ்சியது. நாலு ஆட்டத்தைச் சேர்த்துக் கட்டி, நாலும் சரிவந்தால் பத்து டொலருக்கு 132 டொலர். ஆசை வராமல் என்ன செய்யும். ஆனால் நாலு சம வாய்ப்புப் பந்தயம் நாலும் சரிவர, பதினாறில் ஒரு வாய்ப்பு. நேர்மையான விலை 160 டொலர். -110 என்பது தசம முறையில் 1.909. அதை நாலு தடவை பெருக்கினால் 13.28தான் வருகிறது. பார்லேக்குள் சேர்க்கிற ஒவ்வொரு பந்தயத்தையும் கால் என்பார்கள். ஒவ்வொரு காலிலும் நிறுவனத்தின் பங்கு ஏறி ஏறி, ஒற்றைப் பந்தயத்தில் நாலரையாக இருந்தது இங்கே 17 சதவீதம் ஆகிவிடுகிறது. ஒரே ஆட்டத்துக்குள் பலதைச் சேர்க்கிற பார்லே இதைவிட மோசம். அதில் ஒன்று நடந்தால் மற்றது நடக்கும் வாய்ப்பும் மாறும் என்பதால் நிறுவனம் தன் கணக்கில் ஒரு விலை சொல்லும். அந்த விலைக்குள் எவ்வளவு பங்கு ஒளிந்திருக்கிறது என்று எங்களால் சரிபார்க்கவே முடியாது. செயலி முகப்பில் ஏன் எப்போதும் அதையே பெரிதாகக் காட்டுகிறார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. மூன்று கால் சரிவந்து நாலாவதில் போகிற இரவுகள்தான் மிகவும் ஆபத்தானவை. கிட்டத்தட்ட வென்றுவிட்டேன் என்ற எண்ணம் நித்திரையைக் கெடுத்து அடுத்த நாள் இரட்டிப்பாகக் கட்ட வைக்கும். உண்மையில் நாலில் மூன்று சரிவருவது மிகச் சாதாரணம். பதினாறு தடவையில் நாலு தடவை அப்படித்தான் முடியும்.

தனி வீரர் எத்தனை புள்ளி எடுப்பார், எத்தனை பந்து பிடிப்பார் என்று கட்டுகிற புரொப் பந்தயங்களிலும் நிறையக் காசு விட்டேன். ரொறன்ரோவின் கூடைப்பந்து அணியான ராப்டர்ஸ் வீரர்களின் சராசரிகளை எல்லாம் எழுதி வைத்து, மற்றவர்களை விட எனக்குக் கூடத் தெரியும் என்று நம்பினேன். பிறகு 2024 ஏப்ரல் 17 வந்தது. ராப்டர்ஸின் ஜொன்ரே போர்ட்டருக்கு, கூடைப்பந்துச் சங்கமான என்பிஏ வாழ்நாள் தடை விதித்தது. தன் உடல்நிலை பற்றிய தகவலைப் பந்தயக்காரர்களுக்குச் சொல்லியிருந்தார். மார்ச் 20ஆம் திகதி சக்ரமென்டோவுக்கு எதிரான ஆட்டத்தில் மூன்று நிமிடம்கூட ஆடாமல், சுகமில்லை என்று வெளியேறினார். அவர் குறைவாகத்தான் எடுப்பார் என்று ஒருவர் 80,000 டொலரை, 11 லட்சம் டொலர் வெல்லும்படி பார்லேயாகக் கட்டியிருந்தார். அந்தக் காசு கொடுக்கப்படாமல் நிறுத்தப்பட்டது. செய்தியை வேலையிடத்தில் போனில் வாசித்தபோது எனக்குக் கை நடுங்கியது. நான் சராசரி எழுதி வைத்த அதே அணி. சின்னச் சின்னப் பந்தயங்களில் உங்களுக்கு எதிர்ப்பக்கம் இருப்பவருக்கு உங்களைவிடக் கூடத் தெரிந்திருக்கலாம். வீரருக்குக் காய்ச்சல் என்பது அவருக்குத் தெரியும், உங்களுக்கு ஆட்டம் தொடங்கிய பிறகுதான் தெரியும்.

ஆட்டம் நடக்கும்போதே கட்டுகிற நேரடிப் பந்தயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023 செப்டம்பர் 17, கொழும்பில் ஆசியக் கிண்ண இறுதியாட்டம். மழையால் பிந்தித் தொடங்கியது, இங்கே ஞாயிறு காலை ஆறு மணி தாண்டியிருந்தது. வீட்டில் எல்லோரும் நித்திரை. நான் குசினி மேசையில் சத்தத்தைக் குறைத்துவிட்டு இலங்கை பக்கம் கட்டிக்கொண்டிருந்தேன். இந்தியாவின் சிராஜ் ஒரே ஓவரில் நாலு விக்கெட் எடுத்தார். ஒவ்வொரு விக்கெட்டுக்கும் லைன் பூட்டி, புது எண்ணோடு திறக்கும். இலங்கையின் மொத்த ஓட்டத்துக்கான கோடு விழ விழ, இதற்குக் கீழே இனிப் போகாது என்று 'ஓவர்', அதாவது கோட்டுக்கு மேலே, எடுத்தேன். பிறகு இன்னும் கீழே, திரும்பவும் 'ஓவர்'. 12 ஓட்டத்துக்கு ஆறு விக்கெட். 50 ஓட்டத்தில் எல்லாம் முடிந்தது. அந்த ஒரு காலையில் ஒரு மாத வாடகைக்குக் கிட்டப் போனது. என்னுடைய ஒளிபரப்பு மைதானத்துக்குப் பல விநாடி பின்னால் ஓடியது, நிறுவனத்துக்குத் தரவு உடனே போகிறது. நான் பார்க்கிற பந்து ஏற்கெனவே போடப்பட்ட பந்து. மேலும் நேரடி லைன்களில் நிறுவனத்தின் பங்கு பொதுவாகக் கூட. 'காஷ் அவுட்' என்று இடையில் காசை எடுக்கச் சொல்வதிலும் இன்னொரு தடவை பங்கு கழிகிறது. ஒரு பழக்கம் மட்டும் வைத்திருங்கள்: ஆட்டம் தொடங்கிய பிறகு கட்டுவதில்லை. அதை மட்டும் நான் பிடித்திருந்தால் நட்டத்தில் பாதி மிஞ்சியிருக்கும்.

இலவசமாகத் தருகிற போனஸ் பந்தயத்தில் 50 டொலர் என்றால் அது 50 டொலர் காசு இல்லை. -110இல் கட்டி வென்றால் லாபமான 45 டொலர்தான் கைக்கு வரும், அந்த ஐம்பது திரும்பாது. முதல் பந்தயம் தோற்றால் காசு திரும்பத் தருவோம் என்பதும் பெரும்பாலும் இந்தப் போனஸாகத்தான் திரும்பும்.

வட்ஸ்அப் குழுக்களில் மாதம் காசு வாங்கி 'நிச்சயப் பந்தயம்' சொல்கிறவர்களிடமும் நான் மாட்டினேன். இரண்டு மூன்று பேருக்கு மாதச் சந்தா கொடுத்தேன். அவர்கள் வென்றதைப் படமெடுத்துப் போடுவார்கள், தோற்றதை அழித்துவிடுவார்கள். 52.4 என்ற எண்ணை நினைவில் வைத்து அவர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: கடைசி சில நூறு பந்தயங்களும், கட்டிய நேரமும், எடுத்த ஒட்ஸும் முழுதாக எழுதிய பட்டியல் காட்டுங்கள் என்று. 55 சதவீதம் சரியாகச் சொல்கிறவருக்கே 100 டொலருக்கு 5 டொலர்தான் லாபம் நிற்கும். அந்த அளவுக்குத் திறமை உள்ளவரின் கணக்கைப் பல நிறுவனங்கள் கட்டும் தொகையைக் குறைத்து முடக்கிவிடுகின்றன. எண்பது, தொண்ணூறு சதவீதம் என்று சொல்கிறவர் உங்கள் சந்தாக் காசில்தான் சீவிக்கிறார்.

எனக்கு உண்மையில் மூச்சு முட்டியது பந்தயத்தில் இல்லை, வங்கியில். சேமிப்பு முடிந்ததும் கிரெடிட் காட்டால் காசு போட்டேன். பொருள் வாங்கினால் மாத முடிவு வரை வட்டி இல்லை என்றுதானே இருக்கும். பந்தயக் கணக்குக்குப் போடுவதை என் வங்கி ரொக்க முற்பணமாக எடுத்து, அன்றைக்கே வட்டியும் மேலே கட்டணமும் ஏற்றியது. இங்கே பல வங்கிகள் அப்படித்தான் செய்கின்றன. பிறகு வீட்டுக் கடனுக்குப் போனோம். முற்பணம் எங்கிருந்து வந்தது என்று காட்ட 90 நாள் வங்கிக் கூற்று கேட்டார்கள். தரகர் அந்தத் தாள்களை மேசையில் விரித்து வைத்து, மனிசிக்கு முன்னாலேயே, "இந்தப் பெயரில் அடிக்கடி காசு போகுதே, இது என்ன?" என்று கேட்டார். வாழ்க்கையில் அவ்வளவு நீண்ட அமைதியை நான் கேட்டதில்லை. கடன் கிடைக்கவில்லை. வீட்டில் நடந்ததை இங்கே எழுதவில்லை. மனிசி அழுது முடித்து, மற்ற நாள் காலை என்னோடு இருந்து ஒவ்வொரு கணக்கையும் மூடினார். அந்த உதவிக்கு நான் பட்ட கடன் பெரிது.

மூடுவதிலும் தெரிந்திருக்க வேண்டியவை உண்டு. கணக்கை மூடுவது வேறு, சுயவிலக்குப் பதிவது வேறு. வெறுமனே மூடினால் அதை மறுபடி திறக்க முடியும். சுயவிலக்குப் பதிந்தால் தெரிவு செய்த காலம் முடியும் வரை உள்ளே விடமாட்டார்கள். நான் ஒவ்வொரு நிறுவனத்திலும் தனித்தனியே பதிய வேண்டியிருந்தது. ஒன்றில் பதிந்துவிட்டு இன்னொன்றை விட்டால் இரவு இரண்டு மணிக்குக் கை அங்கேதான் போகும். இன்னும் நிறுத்த மனமில்லாதவர்கள் குறைந்தபட்சம் வைப்பு எல்லையையாவது, அதாவது கணக்கில் போடும் காசுக்கு ஒரு உச்ச அளவையாவது, போட்டு வையுங்கள், ஒன்ராறியோவில் அனுமதி பெற்ற செயலிகளில் அந்த வசதி இருக்கிறது. ஆட்டம் இல்லாத நாளில், மனம் அமைதியாக இருக்கும்போது போடுங்கள். கொனெக்ஸ் ஒன்ராறியோ என்ற உதவித் தொலைபேசி 24 மணிநேரமும் இலவசம். நான் அழைத்தபோது என் பெயரைக்கூட வற்புறுத்திக் கேட்கவில்லை. பொறுமையாகக் கேட்டு, ஸ்காபரோவிலேயே ஆலோசகர் இருக்கும் இடத்தைச் சொன்னார்கள். இதை ஒரு வருசம் முதல் செய்திருக்கலாம். அப்படி ஒரு இலக்கம் இருப்பது எனக்கு அப்போது தெரியாது.

உங்கள் தம்பியோ மகனோ இதற்குள் இருக்கிறார் என்று சந்தேகம் வந்தால் திட்டிப் பேசித் தொடங்காதீர்கள். நேற்று வென்றேன், போன கிழமை இவ்வளவு எடுத்தேன் என்று அவர் சொல்வதெல்லாம் உண்மையாகவே இருக்கும். என் வெற்றிகளும் உண்மைதான். செயலிக்குள் கணக்கு வரலாறு என்ற பகுதி இருக்கிறது. அதில் தொடக்கத்திலிருந்து போட்ட மொத்தக் காசு எவ்வளவு, வெளியே எடுத்த மொத்தக் காசு எவ்வளவு என்ற இரண்டு எண்களை மட்டும், பக்கத்தில் இருந்து, அவரையே திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.